கமா சார் செய்த கதவு

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மறுவாரம்தான் கமா சாருக்கு ஓர் உண்மை தெரிந்தது. அந்த வீட்டில் எல்லாவற்றுக்கும் ஓர் இடம் இருந்தது. தையல் மிஷினுக்கு ஜன்னலோரம். வெட்டின துணிகளுக்கு மேஜை. வெட்டாத துணிகளுக்கு அலமாரி. ஊசிக்குக்கூட ஒரு குட்டித் தலையணை, அதுவும் வெல்வெட்டில். அவருக்குத்தான் ஒன்றும் இல்லை.

அச்சகத்தில் பிழை திருத்தியே தலை நரைத்தவர் அவர். மற்றவர்கள் எழுதியதற்கு நிறுத்தக்குறி போட்டுப் போட்டு, பேச்சிலும் அது ஒட்டிக்கொண்டுவிட்டது. வார்த்தைக்கு வார்த்தை நின்று மூச்சு வாங்கிப் பேசுவார். அதனால்தான் கமா. அச்சகத்தில் வைத்த பெயர், அவருக்கு முன்னாலேயே தெருவுக்கு வந்து சேர்ந்துவிட்டது. அவருடைய மனைவியை ஒரே ஒரு தடவை சந்தித்த போர்மேன், மறுநாளே அவளுக்கும் ஒரு பெயர் வைத்தார். முற்றுப்புள்ளி. அவள் பேசின பிறகு அந்த வாக்கியத்தில் வேறு யாருக்கும் வேலை இருக்காது.

மனைவி வீட்டிலேயே தையல் வேலை செய்தாள். பெண்களுக்கு மட்டும். காலையிலிருந்து யாராவது வந்துகொண்டே இருப்பார்கள். ஹாலில்தான் அளவு எடுக்க வேண்டும். ஹாலில்தான் கமா சாரின் நாற்காலியும் இருந்தது.

"ஏங்க, கொஞ்சம் வெளியே இருங்க."

கமா சார் பேப்பரை மடித்துக்கொண்டு வெளியே போவார். அளவு எடுத்து முடிந்ததும் உள்ளே வருவார். உட்கார்ந்து, பேப்பரை விரித்து, விட்ட வரியைக் கண்டுபிடிக்கும்போது அடுத்தவர் செருப்பைக் கழற்றிக்கொண்டிருப்பார்.

"ஏங்க."

இப்போது 'வெளியே' என்ற சொல்லும் தேவைப்படவில்லை.

எதிர்வீட்டு ஹாரன் இதையெல்லாம் தன் வாசலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவர் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். எஞ்சின் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகியவர். இரண்டு அடி தூரத்தில் இருப்பவரிடமும் இரண்டு தெரு தள்ளிக் கேட்கும்படிதான் பேசுவார்.

"கமா சார்! இன்னிக்கு எத்தனாவது வெளிநடப்பு?"

"சும்மா, காத்து வாங்க, வந்தேன்."

"காலையிலேருந்து அஞ்சு வாட்டி வாங்கிட்டீங்க! கொஞ்சம் மிச்சம் வைங்க, நாங்களும் மூச்சு விடணும்!"

தெருவில் போன இரண்டு பேர் சிரித்தார்கள். கமா சார் அங்கேயே, நின்ற இடத்திலேயே, ஒரு முடிவுக்கு வந்தார்.

ஹாலை ஒட்டி ஒரு சின்ன அறை இருந்தது. கதவு கிடையாது, ஒரு பழைய திரை மட்டும் தொங்கும். உள்ளே அவர் அச்சகத்திலிருந்து கொண்டுவந்து சேர்த்த பிழைத்தாள்கள் கட்டுக் கட்டாக உத்தரம் வரைக்கும் அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றும் அவர் கையால் திருத்தியது. உலகத்தில் அச்சாகவிருந்த ஆயிரக்கணக்கான தவறுகளை அவர் தடுத்ததற்குச் சாட்சி. "இதையெல்லாம் எப்போ எடுப்பீங்க?" என்று மனைவி கேட்காத மழைக்காலம் இல்லை. அவர் எடுத்த மழைக்காலமும் இல்லை.

அன்று சாப்பாட்டின்போது அறிவித்தார்.

"நான், ஒரு முடிவு, எடுத்துட்டேன்."

"குழம்பு ஊத்தட்டுமா?"

"அந்தச் சின்ன ரூமை, காலி பண்ணி, எனக்குன்னு, படிக்கிற ரூமா, ஆக்கப்போறேன். கதவும், நானே, என் கையாலேயே, செய்யப்போறேன்."

சண்டைக்குத் தயாராகத்தான் சொன்னார். மனைவி கரண்டியைக் கீழே வைத்தாள். யோசித்தாள்.

"செய்ங்க."

கமா சாருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "செய்யட்டுமா?"

"உங்க பேப்பர்க் கட்டை நீங்களா எடுத்தாத்தான் உண்டு. கதவுக்குச் சட்டமும் நீங்களே போடுங்க."

"இந்த வீட்டில, முதல் தடவையா, நான் சட்டம் போடறேன்."

"போடுங்க. தாழ்ப்பாள் எங்கேன்னு நான் சொல்றேன்." பிறகு, தட்டை எடுத்துக்கொண்டே, சும்மா ஞாபகம் வந்தவள் மாதிரி ஒன்று சொன்னாள். "கதவு செய்யறதுன்னா வெறும் பலகைக் கதவு வேண்டாங்க. எங்க அப்பா வீட்டில இருந்துச்சே, சாய்வுப் பலகை வச்ச லூவர் கதவு, அந்த மாதிரி செய்ங்க. எனக்கு ரொம்ப நாளா ஆசை."

கமா சார் அப்படியே உருகிப்போனார்.

அந்தக் கதவை எப்படி மறப்பார்? அவருடைய வாழ்க்கை திறந்ததே அந்தக் கதவில்தானே.

அப்போது அவர் அச்சகத்துக்குப் புதிது. மாமனார் அப்போது மாமனார் இல்லை, ஒரு நூலாசிரியர். பயிர்களைத் தாக்கும் பூச்சிகளைப் பற்றிப் பல பாகங்களாக ஒரு பெரிய நூல் எழுதிக்கொண்டிருந்தார். வாரம் ஒரு முறை பிழைத்தாளைக் கொண்டுபோய் அவர் முன்னால் நின்று சத்தமாகப் படித்துக் காட்ட வேண்டும். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். அவர் முதுகுக்குப் பின்னால், உள்ளறைக்கு, பச்சை வர்ணம் அடித்த லூவர் கதவு. தொங்கவிட்ட ஏணி மாதிரி சாய்ந்த பலகைகள் வரிசை வரிசையாக. உள்ளே என்ன என்று தெரியாது. ஆனால் ஒரு நாள், கொலுசுச் சத்தம் வந்து கதவுக்குப் பின்னால் நின்றது. பலகை இடுக்குகளில் வெளிச்சம் மறைந்தது.

யாரோ பார்க்கிறார்கள்.

அன்றிலிருந்து அவர் தலையை ஒரு தடவைக்கு நாலு தடவை சீவிக்கொண்டு போனார். சட்டைக்கு இஸ்திரி. குரலுக்குச் சுக்கு. பூச்சிகளைப் பற்றி அதுவரை யாரும் அப்படிப் படித்திருக்க மாட்டார்கள். "இலைச்சுருட்டுப் புழு... இளந்தளிர்களையே... நாடும்..." என்று அவர் இழுத்துப் படிக்கும்போது ஆசிரியருக்கே கண் கலங்கும். தன் எழுத்தின் சிறப்பு என்று அவர் நினைத்துக்கொண்டார். நாலாம் பாகம் முடிவதற்குள் பெண் கேட்டாகிவிட்டது.

அந்தக் கதவை மனைவி கேட்கிறாள். இத்தனை வருஷம் கழித்து. கமா சார் மறுநாளே பிழைத்தாள் கட்டுகளைப் பழைய பேப்பர்காரனுக்குப் போட்டார். கட்டு கட்டாக வண்டியில் ஏறியபோது ஒரு தாளை உருவி, தான் போட்ட ஒரு கமாவைத் தடவிப் பார்த்துத் திருப்பி வைத்தார். காதலுக்காக என்று நினைத்துக்கொண்டார். அறை பளிச்சென்று ஆனது. மனைவி அதை இரண்டு தடவை கூட்டிக் கழுவினாள். அந்த உற்சாகத்தையும் அவர் காதல் கணக்கில்தான் சேர்த்தார்.

மரக்கடையிலிருந்து பலகை வந்து இறங்கியது. பின்பக்கம் ஒரு பழைய மேஜையில் வேலை ஆரம்பமானது. ரம்பம், உளி, இழைப்புளி எல்லாம் ஹாரனிடமிருந்து இரவல். கூடவே ஹாரனும் இரவலாக வந்தார்.

"கமா சார், என்ன பண்றீங்க?"

"இழைக்கிறேன்."

"தப்பா இழைக்கிறீங்க! நார் ஓடற பக்கமா தள்ளணும்! எதிர்ப்பக்கமா தள்ளினா சிராய் சிராயா வரும்!"

"இவ்வளவு நாள், மத்தவங்க இழைச்ச தவறை, நான் திருத்தினேன். இப்போ, நானே இழைக்கிறேன்."

"ஏங்க," மனைவி உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள். "மரத்தை அறுக்கறீங்களா, அவரை அறுக்கறீங்களா?"

லூவர் கதவின் சூட்சுமம் சின்னப் பலகைகளில் இல்லை. அதைக் கமா சார் சீக்கிரமே தெரிந்துகொண்டார். சின்னப் பலகைகளை ஒரே அளவில் அறுத்து, உப்புத்தாள் போட்டு, குழந்தையின் கன்னம் மாதிரி ஆக்கி அடுக்கிவிட்டார். சூட்சுமம் இரண்டு பக்கத்து நெட்டுச் சட்டங்களில் இருந்தது. ஒவ்வொரு பலகையின் நுனியும் உட்காருவதற்குச் சட்டத்தில் சாய்வாக ஒரு காடி வெட்ட வேண்டும். எல்லாக் காடிக்கும் ஒரே சாய்வு. ஒன்று பிசகினாலும் கதவு பல்லைக் காட்டும். அதற்காக அவர் ஒரு தகட்டில் சாய்வாக ஒரு துளை போட்டு, அதைச் சட்டத்தின்மேல் வைத்து வைத்துக் கோடு கிழித்து, உளியால் வெட்டினார். ஒரு சட்டம் முடிந்தது. அதே தகட்டை அதே மாதிரி வைத்து இரண்டாவது சட்டமும் முடிந்தது. ஒரு எழுத்துப்பிழை இல்லை. பெருமையாக இரண்டையும் எதிர் எதிரே நிறுத்தி முதல் பலகையைச் செருகினார்.

பலகையின் ஒரு நுனி மேலே பார்த்தது. மறு நுனி கீழே பார்த்தது. திருப்பினார். இப்போது கீழே பார்த்தது மேலே பார்த்தது. சட்டத்தைத் தலைகீழாக்கினார். அதற்கும் அது மசியவில்லை.

ஹாரன் தலையைச் சொறிந்தார். "பலகை முறுக்கிக்கிச்சோ?"

மனைவி கையில் இஞ்சு டேப்போடு வந்தாள். ஒரு பார்வை பார்த்தாள்.

"ரெண்டும் இடது கையா வெட்டியிருக்கீங்க."

"என்னது?"

"சட்டைக்கு ஒரு கை இடது, ஒரு கை வலது. நீங்க ரெண்டையும் இடது கையாவே வெட்டிட்டீங்க. இதைப் போட்டுக்கிட்டா ஒரு தோள் முன்னாடியும் ஒரு தோள் பின்னாடியும் நிக்கும்." தகட்டை எடுத்துத் திருப்பிப் போட்டாள். "இப்படிக் கவுத்து வச்சு இன்னொரு சட்டம் வெட்டுங்க."

கமா சாருக்கு வாயடைத்தது. கமா போடக்கூட இடமில்லை. புதுச் சட்டத்துக்கு மரக்கடைக்குத் திரும்ப நடந்தார். ஹாரன் வாசலில் நின்று வழியனுப்பினார். "வலது கை வாங்கிட்டு வாங்க!"

வலது கை வந்தது. காடிகள் எதிர்ச் சாய்வில் அமைந்தன. கடைசியாக எல்லாவற்றையும் ஒன்றுசேர்க்கும் நாள். ஒரு சட்டத்தைத் தரையில் கிடத்தி, காடிகளில் பசை தடவி, பலகைகளை வரிசையாகச் செருகிக்கொண்டு போனார்கள். மேலே இன்னொரு சட்டத்தை வைத்து அழுத்தினால் தீர்ந்தது. ஆனால் மூன்றாவது பலகையை மேல்சட்டத்துக் காடியில் விடும்போது ஒன்றாவது வெளியே வந்தது. ஒன்றாவதைப் பிடித்தால் ஏழாவது சாய்ந்தது. ஏழாவதைப் பிடிக்கப் போன ஹாரன் பத்தாவதை இடித்தார். எல்லாப் பலகைகளும் சீட்டுக்கட்டு மாதிரி சரசரவென்று சரிந்தன. ஹாரனின் மீசையில் பசை.

"கமா சார்! பஸ்ல ஆளை ஏத்தறதுகூடச் சுலபம்! ஒருத்தன் ஏறினா இன்னொருத்தன் இறங்க மாட்டான்!"

மீசை காய்வதற்குள் கழுவ வேண்டும் என்று அவர் ஓடிவிட்டார். மனைவி எலாஸ்டிக் உருண்டையை எடுத்து வந்தாள். பலகைகளைச் சட்டத்தோடு ஒவ்வொன்றாக லேசாக இழுத்துச் சுற்றினாள், நல்ல தையலுக்கு முன்னால் ஓட்டிக்கொள்கிற கைத்தையல் மாதிரி. மேல்சட்டம் இறங்கியது. டக், டக் என்று ஒவ்வொரு நுனியும் தன் காடியில் போய் உட்கார்ந்தது. குறுக்குச் சட்டங்கள் பூட்டின. கதவு கதவாக நின்றது.

"பசை இறுகற வரைக்கும் ரெண்டு பக்கமும் அழுத்திப் பிடிச்சுக்கணும்," என்றாள்.

கதவை நிறுத்தி, அந்தப் பக்கம் அவள் ஒரு முக்காலியில் உட்கார்ந்தாள். இந்தப் பக்கம் கமா சார் நின்றார். மதிய வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. அந்தப் பக்கம் அவள் அசைந்தபோது பலகை இடுக்குகளில் வெளிச்சம் மறைந்து, மறுபடி வந்தது.

கமா சார் பலகைகளுக்கு இன்னும் கிட்டே வந்தார்.

"ஞாபகம், இருக்கா?" என்றார்.

"எது?"

"உங்க அப்பா, வீட்டில. நீ, கதவுக்குப் பின்னாடி, நிப்பே. நான், இந்தப் பக்கம்."

அவள் குரல் வழக்கத்தைவிட மெதுவாக வந்தது. "இருக்கு. புழுவைப் பத்திப் படிப்பீங்க."

"நீ என்னைப் பார்க்கறேன்னு, எனக்குத் தெரியும். அதனாலதான், அப்படித் தலை சீவிக்கிட்டு, இஸ்திரி போட்டுக்கிட்டு..."

"தலையா? தலை எங்கே தெரிஞ்சுது?"

கமா சார் பலகைகளைப் பிடித்தபடியே குனிந்தார். "பின்னே?"

"இந்தக் கதவுல பலகை வெளிப்பக்கமா கீழே சாய்ஞ்சிருக்கு இல்ல? உள்ளே இருந்து பார்த்தா வெளியே இருக்கறவங்களோட காலு மட்டும்தான் தெரியும். நான் முதல் மூணு பாகமும் உங்க காலைத்தான் பார்த்தேன்."

"காலை மட்டுமா?"

"இடது கால் பேன்ட்டு மடிப்புல தையல் விட்டுத் தொங்கிட்டு இருக்கும். வாரா வாரம் இன்னும் கொஞ்சம் இறங்கியிருக்கும். அம்மா கேட்டா, அந்தப் பையன் எப்படின்னு. பாவம், தச்சுக் குடுக்க ஆளில்லை போலிருக்குன்னேன்."

தன் முகத்தைப் பார்த்து மயங்கினாள் என்று கமா சார் அச்சகத்தில் எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறார்! கண்ணால் வந்த காதல் என்று நினைத்திருந்தது காலால் வந்தது. அந்த நாலணா நூல் விட்டுப்போன மடிப்பு அவரைக் கரை சேர்த்திருக்கிறது. தலையை நாலு தடவை சீவியவர் அதைக் கவனிக்கவே இல்லை.

"குரல்?" என்றார், நப்பாசையோடு.

"குரல் நல்லாத்தான் இருந்துச்சு." அவள் சிரிப்பது பலகை வழியாகக் கேட்டது. "அப்போவும் நடுவுல நடுவுல நின்னு நின்னுதான் வரும். எங்கே விழுந்துடப் போறாரோன்னு காலையே பார்த்துக்கிட்டு நிப்பேன்."

பசை இறுகி வெகுநேரம் ஆன பிறகும் இரண்டு பேரும் கையை எடுக்கவில்லை.

கதவுக்குப் பச்சை வர்ணம் அடித்தார்கள். கீல் வைத்து மாட்டினார்கள். தாழ்ப்பாள் உட்பக்கம் வேண்டும் என்று மனைவி சொன்னாள். கமா சாரும் அதைத்தான் நினைத்திருந்தார். தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போனார். கதவைச் சாத்தினார். தாழ்ப்பாள் போட்டார். ஆகா! இடுக்கு வழியாக வந்த வெளிச்சம் பேப்பரில் கோடு கோடாக விழுந்தது, வரிக்கு வரி யாரோ அடிக்கோடு போட்டுக் கொடுத்த மாதிரி. காற்று வந்தது. வெளிநடப்பு இல்லை. ஹாரன் இல்லை. காலை நீட்டினார்.

முதல் பக்கம் முடிவதற்குள் டீச்சரம்மா வந்தார். பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியை. அந்தக் குரலுக்குத் தெருநாய்கள்கூட வரிசையில் நிற்கும்.

"புதுக் கதவா? அழகா இருக்கே. உள்ளே யாராவது இருக்காங்களா?"

"எங்க வீட்டுக்காரர்தான், டீச்சர். படிச்சுக்கிட்டு இருக்கார். நீங்க கையைத் தூக்குங்க, அளவு எடுத்துடறேன்."

டீச்சரம்மா கையைத் தூக்கவில்லை. "இந்த இடுக்கு வழியா இங்கே தெரியுமா?"

"அவ்வளவா தெரியாது. காலு மட்டும்தான்."

"காலா? யாரு காலு? என் காலா?"

உள்ளேயிருந்து கமா சார் பதறினார். "நான், கண்ணை, இறுக்கி, மூடிக்கிட்டேன்!"

"கண்ணை மூடிக்கிட்டா படிக்கிறார்?"

முற்றுப்புள்ளியின் குரல் குறுக்கே வந்தது.

"ஏங்க, நீங்க வெளியே வாங்க. டீச்சர், நீங்க உள்ளே வாங்க."

அவ்வளவுதான். கமா சார் பேப்பரோடு வெளியே வந்தார். டீச்சரம்மா உள்ளே போனார். பின்னாலேயே மனைவி போனாள். தாழ்ப்பாள் விழுந்தது. தெருவுக்குப் போவதா, ஹாலில் இருப்பதா என்று தெரியாமல் நின்ற கமா சாருக்கு உள்ளேயிருந்து ஒவ்வொரு வார்த்தையும் தெளிவாகக் கேட்டது.

"காத்தும் வருது, மறைவாவும் இருக்கு," என்றார் டீச்சரம்மா. "எத்தனை வருஷமா சொல்லிக்கிட்டு இருந்தீங்க, அளவு எடுக்க ஒரு தனி ரூம் வேணும், அந்தப் பேப்பர்க் கட்டு போனாத்தான் வழின்னு. கண்ணாடிகூடப் பெருசா மாட்டியிருக்கீங்களே, எப்போ வாங்கினீங்க?"

"அவர் மரக்கடைக்குப் போன அன்னிக்கே, டீச்சர்."

டீச்சரம்மா போன பிறகு கமா சார் உள்ளே போய்க் கதவுக்குப் பின்னால் பார்த்தார். கதவு திறந்திருந்தால் மறைந்துவிடும் மூலையில், ஆள் உயரத்துக்கு ஒரு கண்ணாடி. பக்கத்தில் துணி மாட்ட மூன்று கொக்கி. அந்த அறையில் உட்கார்ந்து பேப்பர் படித்தவரின் கண்ணில் இது எதுவும் படவில்லை. வாழ்நாளெல்லாம் பிழை பார்த்த கண்!

"பலகைக் கதவா, இருந்திருந்தா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"நீங்க உள்ளே இருக்கறதே யாருக்கும் தெரிஞ்சிருக்காது. யாரும் ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டாங்க. சாகற வரைக்கும் ரூமை விட்டிருக்க மாட்டீங்க."

"அப்போ, உங்க அப்பா வீடு, அந்த ஞாபகம், அந்த ஆசை, எல்லாம்?"

அவள் ஒரு நிமிஷம் கதவின்மேல் கை வைத்து நின்றாள். ஒரு பலகையின் விளிம்பை விரலால் தடவினாள்.

"அதெல்லாம் நிஜம்தாங்க. அதை எந்த நிலையில மாட்டணுங்கறதை மட்டும் நான் பார்த்துக்கிட்டேன்." அவருடைய நாற்காலியைத் தூக்கிவந்து ஹாலில், ஃபேனுக்கு நேர் கீழே போட்டாள். "இனிமே நீங்க எதுக்கு வெளியே போகணும்? ஹால் பூரா உங்களுக்குத்தான்."

கமா சார் உட்கார்ந்தார். யோசித்துப் பார்த்தால், அதுவும் சரியாகத்தான் இருந்தது. சின்ன அறை கேட்டவருக்குப் பெரிய ஹாலே கிடைத்திருக்கிறது. ஃபேன் காற்று தலையில் அடித்தது. யாரும் எழுந்திருக்கச் சொல்லவில்லை. ஜெயித்துவிட்டோமோ என்றுகூட ஒரு சந்தேகம் வந்தது. பேப்பரை விரித்தார்.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. இரண்டு பெண்கள் துணிப் பையோடு வந்து அவருக்கு எதிரே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். இன்னும் ஒருவர் வந்தார். முதலில் வந்த இருவரில் ஒருவரை மனைவி அறைக்குள் கூட்டிக்கொண்டு போனாள். அந்தப் பெஞ்சு எப்போது வந்தது என்று கமா சார் யோசித்துக்கொண்டிருக்கும்போதே, முதலில் போனவர் வெளியே வந்தார். பச்சைக் கதவு கொஞ்சம் திறந்தது. உள்ளேயிருந்து குரல் வந்தது.

"ஏங்க, அடுத்தவங்களை அனுப்புங்க."